மூன்றில் சிறியது

முதலில் தண்ணீர்.
ஒரு லிட்டர் குடித்து
முட்டும்வரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்லும் ஆய்வு இது.
மஞ்சக்குப்பம் மருத்துவமனையில் காலை எட்டுக்கே
கேன் காலி.
அஞ்சலாட்சி, சோனாங்குப்பம், முப்பத்து மூன்று வாரம்,
வெளியே போய்க் காசு கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டு வந்து
கால்மேல் கால் இறுக்கி
பெஞ்சின் விளிம்பில் இரண்டு மணி நேரம்.
என் பட்டியலில் எண்பத்தேழு.

ஆணா பெண்ணா சொல்ல மாட்டோம் என்ற
பலகைக்குக் கீழே படுக்கிறாள்.
நான் தேடுவது கதவை.

வயிற்றின் மேலிருந்து பார்க்கிறேன்.
குழந்தையின் தலை நிழலை இறக்கிப் பாதியை மறைக்கிறது.
நிறைந்த பை கருப்பைவாயை இழுத்துப் பிடித்து
உள்ளதைவிட நீளமாய்க் காட்டுகிறது,
போட்டோவுக்கு வயிற்றை எக்கி நிற்கும் ஆளைப் போல.
முப்பத்தொரு மில்லிமீட்டர்.
நல்ல எண். நம்ப ஆசை வரும் எண்.

போய்ட்டு வந்துர்றேன் டாக்டரு, என்கிறாள்
பாதி ஓடிக்கொண்டே.

அடுத்து, அதே கருவி, உறை போட்டு,
தொடைகளுக்கிடையில் வாசலோடு நிறுத்தி.
உள்ளே நுழைவதில்லை என்பதால்
இதுவரை வந்தவர்களில் பாதிப்பேர்
இதுவே போதுமே என்கிறார்கள்.
ஆனால் குடலில் காற்று; கீழ்முனை கலங்கல்.
இடுப்புக்கடியில் மடித்த போர்வையைச் செருகி உயர்த்தியதும்
கொஞ்சம் தெளிகிறது.
இருபத்தைந்து.

மூன்றாவதற்கு மெலிந்த கோல்.
அதற்கு ஆணுறை மாட்டுவதைப் பார்த்து
அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.
"இத்த அந்த ஆளு ஒழுங்கா மாட்டியிருந்தா
நான் எதுக்கு இங்க வர்றேன்?"
சிஸ்டர் பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்குகிறாள்.
நான் படிவத்தையே பார்க்கிறேன்;
கை ஆடினால் அளவு தப்பும்.

அழுத்தக் கூடாது.
அழுத்தினால் இதுவும் நீளமாய்ப் பொய் சொல்லும்.
பின்வாங்கி, தொட்டும் தொடாமல் வைத்து
ஐந்து நிமிடம் காத்திரு என்கிறது விதி.
ஏ.சி. இரைச்சல்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று
நடையில் யாரோ யாரிடமோ.
பிறகு, திரையில்,
உள்வாய் மெல்ல விரிகிறது.
டி போல இருந்தது ஒய் ஆகிறது,
ஒய் இளகி வி ஆகப் பார்க்கிறது,
எழுதப் பழகும் பிள்ளை
அழித்து அழித்து எழுதுவதுபோல.

அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
"மொகத்துவாரமாட்டம் இருக்கு.
தண்ணி ஏறுனா மணலு உள்ளாரருந்துதான் கரையும்.
வெளிய நின்னு பாத்தா மூடுனாப்லதான் தெரியும்."
ஆமாம்.
ஆய்வேட்டில் நான்கு பத்தி எழுதியிருக்கிறேன் இதை.

இருபத்து நான்கு. இருபத்திரண்டு. இருபத்து மூன்று.
சராசரி கூடாது.
மூன்றில் சிறியதை எழுது.
பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் மாதச் சம்பளத்துக்கும்
யாரும் ஒப்பாத கணக்கு,
இங்கே அதுதான் சரி.

கடைசிக் கேள்வி:
எது அதிகச் சிரமம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?
யோசித்தாள்.
"வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தது."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் பத்து என்று போட்டேன்.

ஊசி போடணும், இன்றைக்கே படுக்கணும் என்றதும்
முகம் கட்டிக்கொண்டது.
பெரியவனுக்கு மூணு வயசு.
பிறகு அவளே, "கூண்டு ஏத்துனதும் நல்லதாப் போச்சு,
அந்த ஆளு வூட்லதான் கெடக்கும்."

"எவ்ளோ இருக்கு, சரியாச் சொல்லு."
மில்லிமீட்டர் என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.
மேஜை அறையில் ஒரு ரூபாய்க் காசு கிடந்தது,
குறுக்கே ஏறக்குறைய இருபத்திரண்டு.
உள்ளங்கையில் வைத்தேன்.
புரட்டிப் பார்த்தாள்.
பூப்பக்கம், தலைப்பக்கம்.
"இவ்ளோ போதுமா
இன்னும் ஒரு மாசத்துக்கு?"

எனக்குத் தெரிந்த மூன்று வழியிலும்
அதற்கு அளவில்லை.

வார்டுக்கு நாற்காலியில் தள்ளிப் போனார்கள்.
காசைத் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவுமில்லை.
எண்பத்தெட்டு, என்று கூப்பிட்டேன்.
குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தவள் எழுந்து நின்று
தண்ணி கெடைக்கலீங்க என்றாள்.